அத்தியாயம் 4: குளித்தால் மனம் லேசாகுமா? மாறி, கூற்று, ஏற்புடைமை

துறையூரிலிருந்து உப்பிலியபுரம் வழியாகப் புளியஞ்சோலைக்குப் போகும் பேருந்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறினால் பாதிப் பேர் தோளில் துண்டோடுதான் இருப்பார்கள். கொல்லிமலையில் ஆகாய கங்கையாக விழும் அய்யாறு கீழே இறங்கிச் சமவெளியைத் தொடும் இடம் அது. "இந்தத் தண்ணியில ஒரு மணி நேரம் கெடந்தா மனசுல இருக்கற பாரமெல்லாம் போயிடும்" என்று யாராவது ஒருவர் சொல்லிக் கேட்காமல் அங்கிருந்து திரும்ப முடியாது. திருச்சி, நாமக்கல், பெரம்பலூர் பக்கத்துக் கல்லூரிகளில் உளவியல் படிப்பவர்கள் இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு இதைவிட அருகில் ஒரு தலைப்பைத் தேட வேண்டியதில்லை.

இந்த அத்தியாயத்தில் அந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம். பிறகு, நம் மாநிலத்துக் கரும்பு விவசாயிகளிடம் நடந்து உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு நிஜ ஆய்வையும் அதே கையோடு பிரிப்போம். ஓர் ஆய்வு சரியா தப்பா என்ற கேள்வியை மட்டும் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். 'இந்த வாக்கியத்தைச் சொல்ல இந்த ஆய்வு இடம் கொடுக்கிறதா?' என்பதுதான் நமக்கு வேண்டிய கேள்வி. ஒரே தரவு ஒரு வாக்கியத்தைத் தாங்கும். அடுத்த வாக்கியத்தைத் தாங்காது.

மாறி என்றால் மாற வேண்டும்

குறைந்தது இரண்டு மதிப்புகளாவது எடுக்கக்கூடியது மாறி. தண்ணீரில் கிடப்பது ஒரு மாறி. மனப்பாரம் இன்னொரு மாறி. இவ்வளவு எளிமையான விஷயத்தில்தான் ஆய்வேடுகள் பலவும் சறுக்குகின்றன. மாணவர் ஆற்றங்கரைக்குப் போகிறார். குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருப்பவர்களிடம் வினாத்தாளைக் கொடுத்து நிரப்பி வாங்கி வருகிறார். ஏட்டின் தலைப்பு: 'மன அழுத்தத்தில் ஆற்றுக் குளியலின் தாக்கம்'. அவருடைய தரவில் குளிக்காதவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் குளித்தவர்கள் என்றால் குளியல் அங்கே மாறியே இல்லை, மாறிலி. மாறாத ஒன்றின் தாக்கத்தை எந்தப் புள்ளியியல் மென்பொருளாலும் கணக்கிட முடியாது.

அடுத்தது அளவீடு. 'மனப்பாரம்' என்பது ஒரு கருத்து. அதை எந்தக் கேள்வியால், எந்த எண்ணால் பிடிக்கப் போகிறீர்கள் என்று எழுதுவது செயல்முறை வரையறை. ஷெல்டன் கோஹென் குழு 1983இல் வெளியிட்ட உணரப்பட்ட மன அழுத்த அளவுகோலைத்தான் நம் ஊரில் பெரும்பாலானவர்கள் எடுப்பார்கள். அதன் பத்துக் கேள்வி வடிவம் சிறியது, 0 முதல் 40 வரை மதிப்பெண், கையாள்வதும் சுலபம். ஆனால் கேள்விகளைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் 'கடந்த ஒரு மாதத்தில்' எப்படி இருந்தது என்றே கேட்கிறது. காலை பத்து மணிக்குக் குளிக்கப் போனவருக்குப் பதினொரு மணிக்குப் போன மாதம் எப்படி மாறியிருக்கும்? குளிப்பதற்கு முன்னும் பின்னும் இந்த அளவுகோலைக் கொடுத்து மதிப்பெண் குறைந்துவிட்டது என்று காட்டினால், குறைந்தது அழுத்தம்தானா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். இரண்டாம் முறை பதில் சொல்லும் அலுப்பாக இருக்கலாம், ஆற்றங்கரை உற்சாகத்தில் எழுந்த தாராள மனமாகவும் இருக்கலாம். இங்கே வேண்டியது 'இப்போது, இந்த நேரத்தில்' என்று கேட்கும் கருவி. ஸ்பீல்பெர்கரின் பதற்ற அளவுகோலில் இருக்கும் இரண்டு படிவங்களில் ஒன்று அப்படிப்பட்டது. மற்றது பொதுவான சுபாவத்தைக் கேட்பது. பெயர் ஒன்று என்பதற்காகப் படிவத்தை மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

குளியலுக்கும் வரையறை வேண்டும். பாறையில் உட்கார்ந்து காலை நனைத்தவர் குளித்தவரா? எத்தனை நிமிடம்? இதெல்லாம் சில்லறைச் சந்தேகம் என்று தோன்றும். தேர்வாளர் முதலில் கேட்பது இதைத்தான்.

இன்னொரு பிரிவினையும் உண்டு. வயது, படிப்பு, கடன் போன்றவற்றை நீங்கள் அளக்கத்தான் முடியும். குளியலை அளக்கவும் முடியும், சீட்டுக் குலுக்கி யாருக்குத் தருவது என்று நீங்களே தீர்மானிக்கவும் முடியும். முதல் வகை அளக்கும் மாறி, இரண்டாவது கையாளும் மாறி. இனி வரும் எல்லாமே இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

கூற்றின் வினைச்சொல்லைப் பாருங்கள்

ஆற்றங்கரைத் தரவிலிருந்து மூன்று விதமான வாக்கியங்களை எழுதலாம்.

'புளியஞ்சோலைக்குக் குளிக்க வருபவர்களில் பெரும்பாலோர் மனம் லேசானதாகச் சொல்கிறார்கள்.' இது அளவுக் கூற்று. ஒரே ஒரு மாறி. எத்தனை பேர், எவ்வளவு என்பது மட்டும்.

'அடிக்கடி வருபவர்களுக்கு மன அழுத்தம் குறைவாக இருக்கிறது.' இது தொடர்புக் கூற்று. இரண்டு மாறிகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன. எது எதை இழுக்கிறது என்று வாக்கியம் சொல்லவில்லை.

'ஆற்றுக் குளியல் மன அழுத்தத்தைக் குறைக்கிறது.' இது காரணக் கூற்று. குறைக்கிறது, கூட்டுகிறது, தூண்டுகிறது, தடுக்கிறது, உதவுகிறது போன்ற வினைகள் வந்தால் காரணக் கூற்று வந்துவிட்டது என்று பொருள். 'தாக்கம்', 'விளைவு', 'பங்கு' என்ற பெயர்ச்சொற்களும் அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கின்றன. ஆய்வேட்டுத் தலைப்புகளில் இந்த மூன்றும் புழங்குவதைப் பார்த்தால், நம் மாணவர்கள் எல்லோரும் சோதனை முறை ஆய்வு செய்பவர்கள் என்று வெளியூர்க்காரர் நம்பிவிடுவார்.

காரணக் கூற்றுக்கு மூன்று நிபந்தனைகள். இரண்டும் சேர்ந்து மாற வேண்டும். காரணம் முன்னால் வர வேண்டும். வேறு எதுவும் இரண்டையும் சேர்த்து ஆட்டிவைத்திருக்கக் கூடாது. புளியஞ்சோலையில் மூன்றாவதுதான் சிக்கல். அங்கே வருபவருக்கு அன்று விடுமுறை. கூட்டாளிகளோ குடும்பமோ உடன் இருக்கிறது. கைபேசியைப் பைக்குள் போட்டிருக்கிறார். வீட்டிலிருந்து கட்டி வந்த புளிசோறு காத்திருக்கிறது. சிலர் வேறு எதையாவது உள்ளே தள்ளிவிட்டும் வந்திருப்பார்கள். மனம் லேசானது தண்ணீராலா, திங்கட்கிழமை இன்னும் வராததாலா?

நான்கு கேள்விகள்

ஒரு கூற்றை ஆய்வு எந்த அளவுக்குத் தாங்குகிறது என்பதே ஏற்புடைமை. அதை டொனால்ட் கேம்பெல் 1957இல் அக ஏற்புடைமை, புற ஏற்புடைமை என்று இரண்டாகப் பிரித்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே குரோன்பாக்கும் மீலும் கருத்தாக்க ஏற்புடைமை பற்றி எழுதியிருந்தார்கள். 1979இல் குக்கும் கேம்பெல்லும் சேர்ந்து எழுதிய நூலில் புள்ளியியல் ஏற்புடைமையையும் சேர்த்து நான்காக நிலைபெற்றது.

கருத்தாக்க ஏற்புடைமை: அளந்தது நீங்கள் நினைத்ததைத்தானா? புற ஏற்புடைமை: இவர்களிடம் கண்டது வேறு யாருக்கு, எங்கே, எப்போது பொருந்தும்? புள்ளியியல் ஏற்புடைமை: எண்கள் இந்த முடிவைத் தாங்குகின்றனவா? அக ஏற்புடைமை: மாற்றத்துக்கு வேறு காரணம் இல்லை என்று காட்ட முடிகிறதா?

நான்கையும் எல்லாக் கூற்றிடமும் ஒரே அழுத்தத்தில் கேட்க வேண்டாம். அளவுக் கூற்றுக்குப் புற ஏற்புடைமை உயிர்நாடி. ஆடிப் பதினெட்டன்று ஆற்றில் இறங்கும் கூட்டமும் தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை வரும் நாலு பேரும் ஒரே மக்கள் அல்ல. ஒரு நாளில் எடுத்த மாதிரியை வைத்து 'வருபவர்களில் பெரும்பாலோர்' என்று எழுத முடியாது. அளவுக் கூற்றிடம் அக ஏற்புடைமை கேட்பது வீண் வேலை. அது காரணமே சொல்லவில்லையே. காரணக் கூற்றிடம் முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

கருத்தாக்க ஏற்புடைமை மட்டும் எல்லோரையும் துரத்தும். நம் ஊரில் அதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. "அண்ணா, குளிச்சப்புறம் எப்படி இருக்கு?" என்று கையில் தாளோடு ஒரு மாணவன் கேட்டால், "சூப்பரா இருக்கு தம்பி" என்பதுதான் பதில். படிக்கிற பிள்ளை வெயிலில் நின்று கேட்கிறானே என்ற இரக்கமும் அந்தப் பதிலில் கலந்திருக்கிறது. நீங்கள் அளந்தது மனநிலையையா, உபசாரத்தையா என்று பிரிக்க வேண்டும். தாளை மடித்துப் பெட்டியில் போடச் சொல்வது, பெயர் கேட்காமல் இருப்பது, நோக்கத்தை முன்கூட்டி உளறாமல் இருப்பது ஆகியவை ஓரளவு கை கொடுக்கும்.

சொல்வதை நம்பலாமா, கருவியை நம்பலாமா என்ற கேள்விக்குச் சென்னையிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. வருமானம் குறைந்த 452 பேரிடம் நடந்து 2021இல் வெளியான தூக்க ஆய்வில், மணிக்கட்டில் கட்டிய கருவியைக் கொண்டு தூக்கத்தை அளந்தார்கள். படுக்கையில் கிடந்தது சுமார் எட்டு மணி நேரம். உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். 'எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்' என்று மட்டும் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் எண் வேறு. அந்த ஆய்வில் இரவுத் தூக்கம் கூடியும் வேலைத்திறன் குறிப்பிடும்படி ஏறவில்லை. பகலில் போட்ட குட்டித் தூக்கம் பலன் தந்தது. துறை வல்லுநர்கள் எதிர்பார்த்தது இதுவல்ல.

கரும்பு வெட்டுக்கு முன்னும் பின்னும்

இப்போது பெரிய உதாரணம். 2013 ஆகஸ்ட் 30 தேதியிட்ட 'சயின்ஸ்' இதழில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். பணக்கவலை மூளையின் இடத்தை அடைத்துக்கொள்கிறது, அதனால் வறுமையே அறிவுச் செயல்பாட்டைக் குறைக்கிறது என்பது அவர்கள் கூற்று. வினைச்சொல்லைக் கவனியுங்கள்: காரணக் கூற்று.

கட்டுரையில் இரண்டு பகுதிகள். ஒன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு வணிக வளாகத்தில் நடந்தது. மற்றது 2010இல் விழுப்புரம், திருவண்ணாமலை பகுதிகளில் 54 கிராமங்களில் 464 சிறு கரும்பு விவசாயிகளிடம் நடந்தது. நமக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

கரும்புக்காரருக்குப் பணம் வெட்டு முடிந்த பிறகு மொத்தமாக வரும். வெட்டுக்கு முந்தைய மாதங்கள் இழுபறி. ஒரே மனிதர் சில மாத இடைவெளியில் ஏழையாகவும் ஓரளவு வசதியானவராகவும் இருக்கிறார். ஆய்வாளர்கள் அதை வெறுமனே ஊகிக்காமல் சரிபார்த்தார்கள். வெட்டுக்கு முன் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தவர்கள் 78 சதவீதம். பின்னர் 4 சதவீதம். கடன் இருந்தவர்கள் 99 சதவீதம், பின்னர் 13. 'வெட்டுக்கு முன்' என்ற மாறி உண்மையிலேயே பணமுடையைக் குறிக்கிறது என்று காட்ட இதைவிட வேறென்ன வேண்டும்!

அறிவுச் செயல்பாட்டை எப்படி அளந்தார்கள்? ஒன்று ராவன் படங்கள்: ஒரு வடிவ வரிசையில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். மற்றது ஸ்ட்ரூப் சோதனையின் எண் வடிவம். வழக்கமான ஸ்ட்ரூப்பில் 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் அச்சிட்டு மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வார்கள். சரளமாக வாசிக்கத் தெரியாதவரிடம் அது வேலை செய்யாது. சொல் அவரை இழுக்கவே இழுக்காது. அதனால் எண்கள். அட்டையில் '5 5 5' என்று இருக்கும். எத்தனை இலக்கம் என்பது கேள்வி. வாய் 'அஞ்சு' என்று வரும். சொல்ல வேண்டியது 'மூணு'. எழுத்து அறிவு எப்படியிருந்தாலும் காசு எண்ணும் யாருக்கும் எண் பழக்கம்தான். கருத்தாக்க ஏற்புடைமை வேலை நடந்த இடம் இது: ஆளுக்கு ஏற்ற கருவியைத் தேர்ந்தது.

முடிவு: ராவனில் வெட்டுக்கு முன் சராசரி 4.35 சரியான விடைகள், பின் 5.45. ஸ்ட்ரூப்பை முடிக்க முன்பு 146 விநாடி, பின்பு 131. பிழைகள் 5.93இலிருந்து 5.16 ஆகக் குறைந்தன.

அக ஏற்புடைமைக்கு வருவோம். ஒரே ஆளை அவரோடே ஒப்பிட்டதால் படிப்பு, நிலம், சாதி, குடும்பம் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றே. ஆனால் வேறு காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. பருவமா? ஆலையின் அரைக்கும் திறனுக்கு ஏற்பப் பல மாதங்களுக்குப் பரவலாக வெட்டு நடக்கிறது. ஒரே வாரத்தில் ஒருவர் வெட்டி முடித்திருப்பார், அடுத்தவர் காத்திருப்பார். அதனால் நாட்காட்டியின் மேல் பழி போட முடியாது. பயிற்சியா? இரண்டாம் முறை தேர்வு எழுதினால் யாருக்கும் கொஞ்சம் கூடத்தான் வரும். அதற்காக நூறு பேரைக் குலுக்கலில் ஒதுக்கி வைத்து, வெட்டுக்குப் பிறகே முதல் முறையாகச் சோதித்து ஒப்பிட்டார்கள். பசியா, உடல் உழைப்பா, மன அழுத்தமா என்பவற்றுக்கும் தனித்தனியே பதில் தேடினார்கள். 2009இல் சிறிய அளவில் நடத்திய இன்னோர் ஆய்வில் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும்கூட அளந்திருந்தார்கள். ஒன்று மட்டும் அவர்கள் கையில் இல்லை: யாருக்குப் பணம் எப்போது வரும் என்பதை அவர்கள் குலுக்கித் தீர்மானிக்கவில்லை. ஆலையும் பயிரும் தீர்மானித்தன. வெட்டோடு சேர்ந்து பணத்தைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்த 'குறைக்கிறது' நிற்கிறது. என் மதிப்பில் கள ஆய்வு என்ற வகையில் இது உறுதியான கட்டுமானம்தான். இருந்தாலும் அந்தச் சந்து திறந்தே இருக்கிறது.

புள்ளியியல் பக்கம் அடி விழுந்தது வணிக வளாகப் பகுதிக்கு. அங்கே வந்தவர்களை வருமானத்தின் நடுப்புள்ளியில் வெட்டி 'ஏழை', 'பணக்காரர்' என்று இரண்டாக்கியிருந்தார்கள். வருமானத்தைத் தொடர் எண்ணாகவே வைத்துக் கணக்கிட்டால் முடிவு பலமிழக்கிறது என்று விக்கர்ட்ஸும் ஸ்கால்டனும் அதே ஆண்டு அதே இதழில் எழுதினார்கள். கட்டுரையாளர்கள் பதிலும் கொடுத்தார்கள். உங்களுக்கு இதில் நேரடிப் பாடம் இருக்கிறது. மதிப்பெண்ணை 'உயர்', 'தாழ்' என்று இரண்டாக நறுக்காதீர்கள். நறுக்கும் இடத்தைக் கொஞ்சம் நகர்த்தினாலே முடிவு மாறிப்போகலாம்.

செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்டது '13 நுண்ணறிவுப் புள்ளி' என்ற எண்ணை. அது வளாகப் பகுதியிலிருந்து கணக்கிட்டு வந்தது. கரும்பு விவசாயிகளுடையது அல்ல. எவருக்கும் முழு நுண்ணறிவுத் தேர்வும் வைக்கப்படவில்லை. தலைப்புச் செய்தியில் மாறியே மாறிவிட்டது.

பிறகு நடந்தவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கார்வால்யோ, மையர், வாங் மூவரும் அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். அறிவுச் செயல்பாட்டில் வித்தியாசம் தென்படவில்லை. ஒடிசாவில் இலைத் தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வில், குலுக்கலில் வந்தவர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியை முன்னதாகவே கொடுத்தார்கள். அவர்கள் வேகமாகவும் கவனப் பிழை குறைவாகவும் தைத்தார்கள். கரும்பு ஆய்வில் திறந்திருந்த சந்து இங்கே குலுக்கலால் அடைபட்டது. ஆனால் அளந்த மாறி வேறு: அங்கே படப்புதிர், இங்கே தைத்த தட்டு.

அதே ஆய்வை மலைமேல் கொண்டுபோனால்

புளியஞ்சோலைக்கு மேலே, கொல்லிமலை விவசாயிகளிடம் இதையே செய்தால் என்ன என்று ஒரு மாணவருக்குத் தோன்றும். நல்ல யோசனை, ஆனால் வடிவமைப்பை அப்படியே தூக்கிப் போக முடியாது. அங்கே மரவள்ளி முக்கியமான பணப்பயிர். சேலம், நாமக்கல் பக்கத்து சேகோ ஆலைகளுக்கு இறங்குகிறது. கிழங்கு விளைந்தபின் சில காலம் மண்ணிலேயே விட்டுவைக்கலாம். விலை பார்த்துத் தோண்டலாம். அவசரத் தேவை வந்தால் முன்னதாகவே தோண்டலாம். அப்படியென்றால் அறுவடை நாளைத் தீர்மானிப்பதே பணமுடைதான். கரும்பில் ஆலை வரிசை செய்து கொடுத்த வேலையை இங்கே செய்ய யாருமில்லை; முன்-பின் ஒப்பீட்டில் காரணமும் விளைவும் பின்னிக்கொள்ளும். சாமையும் தினையும் வீட்டுச் சாப்பாட்டுக்கு என்று விதைப்பவரிடம் போனால் நிலைமை இன்னும் வேறு: அறுவடையில் பானை நிறையும், கையில் ரொக்கம் வராது. புற ஏற்புடைமை என்றால் 'வேறு ஊருக்குப் பொருந்துமா' என்று ஒரு வரி எழுதி முடிப்பதல்ல. எந்தக் கண்ணி அந்த ஊரில் அறுந்துபோகிறது என்று சுட்ட வேண்டும்.

உங்கள் குளியல் ஆய்வு

கல்லூரியிலிருந்து ஒரு குழுவை அழைத்துப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் ஒரே வண்டி, ஒரே சாப்பாடு, ஒரே நாள். கரைக்கு வந்ததும் 'இப்போது' படிவத்தை நிரப்புகிறார்கள். பிறகு சீட்டு. பாதிப் பேர் அரை மணி நேரம் குளிக்கிறார்கள். மீதிப் பேர் அதே அரை மணி நேரம் தண்ணீரைப் பார்த்தபடி பாறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மறுபடி படிவம். பிறகு இரண்டாம் குழுவும் குளிக்கலாம். இல்லாவிட்டால் உங்களைச் சும்மா விடமாட்டார்கள். வெளியூர்ப் பயணம், விடுமுறை, நண்பர்கள், காடு எல்லாம் இரண்டு குழுவுக்கும் பொது. மிஞ்சும் வித்தியாசம் தண்ணீருடையது. பாறையில் இருந்தவர்களுக்கும் அதே அளவு மனம் லேசாகிவிட்டால் அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான், ஏட்டில் மறைக்காதீர்கள். குளிக்க முடியாமல் போனதில் வந்த எரிச்சலும் இரண்டாம் குழுவின் மதிப்பெண்ணில் ஏறும். சீட்டு எடுக்கும் முன்பே 'பிறகு எல்லோருக்கும் குளியல் உண்டு' என்று சொல்லிவிட்டால் அது தணியும்.

வனத்துறை அனுமதி, ஒவ்வொருவரின் சம்மதம், நீச்சல் தெரிந்த பொறுப்பாளர் ஆகிய மூன்றும் இல்லாமல் கிளம்பக் கூடாது. மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். தேதி குறிக்கும்போது அதையும் பாருங்கள்.

ஆள்கூட்ட முடியவில்லை, வினாத்தாள் மட்டும்தான் சாத்தியம் என்றால் அதுவும் கௌரவமான ஆய்வே. எத்தனை முறை வருகிறார்கள், அழுத்த மதிப்பெண் எவ்வளவு என்று அளந்து தொடர்புக் கூற்று எழுதுங்கள். மாதத்தைப் பற்றிக் கேட்கும் கோஹென் அளவுகோல் இங்கே பொருத்தமாக வந்து உட்காரும். தலைப்பில் 'தாக்கம்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, 'ஆற்றுக்கு வரும் பழக்கமும் மன அழுத்தமும்' என்று போடுங்கள்.

பயிற்சி

இந்த வாரச் செய்தித்தாளில் 'ஆய்வில் தகவல்' என்று முடியும் ஒரு செய்தியை எடுங்கள். வினைச்சொல்லின் கீழே கோடு போட்டு அது எந்த வகைக் கூற்று என்று எழுதுங்கள். மாறிகளைப் பட்டியலிட்டு, எது அளக்கப்பட்டது, எது கையாளப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் குறியுங்கள். அடுத்து, கரும்பு ஆய்வையும் அமெரிக்கச் சம்பள நாள் ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பக்கம் எழுதுங்கள்: ஆண்டுக்கு ஒருமுறை வரும் மொத்தப் பணமும் குறித்த நாளில் வரும் சம்பளமும் ஒரே மாறியின் இரண்டு மதிப்புகளா, இரண்டு வேறு மாறிகளா? இரண்டு பதிலுக்கும் வாதம் உண்டு. எதை எடுத்தாலும், அந்தப் பதிலைப் பொய்யாக்கக்கூடிய ஓர் ஆய்வு எப்படி இருக்கும் என்றும் நாலு வரி சேருங்கள்.